முதலில் ஹாட் டிஸ்க்கைக் கழற்றுங்கள்

வீட்டுக் கொம்பியூட்டர் நின்றுவிட்டால் வன்னியில் வழமையாக நடப்பது இதுதான். டவரை மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு வைத்துக்கொண்டு கிளிநொச்சிக்கோ புதுக்குடியிருப்புக்கோ வவுனியாவுக்கோ ஓடுவார்கள். கடையில் நிற்கிற பெடியன் ஒருதரம் போட்டுப் பார்த்துவிட்டு, "ஃபோர்மட் அடிச்சால் சரி வந்திடும் அண்ணை" என்பான். "சரி தம்பி, அடிச்சு விடுங்கோ" என்று இவரும் சொல்லிவிட்டு வருவார். பின்னேரம் கொம்பியூட்டர் ஓடும். மகளின் சாமத்தியவீட்டுப் படங்களும் காணி அனுமதிப்பத்திரத்தின் ஸ்கேனும் இருக்காது.

பவர் சப்ளை, மதர்போர்ட், ராம், திரை ஆகியவற்றில் எது செத்தாலும் வழமையாகக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவை ஹாட் டிஸ்க்கிலோ, சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியிலோ கிடந்தபடி கிடக்கும். கோப்புகள் போவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, திருத்துகிற நேரத்தில்தான். ஆகவே முதல் வேலை டிஸ்க்கை வெளியே எடுப்பது. அடுத்தது உள்ளே இருப்பதை வேறோர் இடத்துக்குக் கொப்பி எடுத்துச் சரிபார்ப்பது. திருத்துவதா, புதிது வாங்குவதா என்ற யோசனை அதற்குப் பிறகு வரலாம். 2009க்குப் பிறகு ஊர் திரும்பிய பல குடும்பங்களிடம் பழைய படங்களின் அசல் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஸ்கேன் செய்து அனுப்பியதுதான் இருக்கிறது. அது ஒரே டிஸ்க்கில் கிடக்கும்போது இந்த ஒழுங்கை மாற்றவே கூடாது.

கழற்றுவது கடினமில்லை. பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டுப் பவர் பொத்தானைப் பத்து செக்கன் அமர்த்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கப் பெட்டியின் பெயின்ற் இல்லாத இரும்பை ஒருதரம் தொடுங்கள். டிஸ்க்கில் இரண்டு வயர்கள் இருக்கும்: அகலமான 15 பின் பவர் வயர், ஒடுக்கமான 7 பின் டேட்டா வயர். இது சாட்டா வகை. நான்கு ஆணிகளைக் கழற்றினால் டிஸ்க் கையில் வரும். மிகப் பழைய கொம்பியூட்டராக இருந்தால் பட்டையான 40 பின் வயர் இருக்கும். அது ஐடிஇ வகை, அதற்கு வேறு அடப்டர் வேண்டும். லேபலைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மொடல், சீரியல், அளவு மூன்றும் பிறகு தேவைப்படும்.

டிஸ்க்கைக் கழற்றாமல் பவர் சப்ளையைச் சோதிக்கக் கூடாது. பழுதான பவர் சப்ளை 12 வோல்ட் கம்பியில் கூடுதலாக விட்டால் டிஸ்க்கின் சர்க்கிட் பலகையும் அடிபடும். "இன்னொருக்கால் போட்டுப் பாப்பம்" என்று நாலைந்து தரம் சுவிட்சை அமர்த்துகிற பழக்கத்தில் போன டிஸ்க்குகள் உண்டு.

எது செத்தது?

டிஸ்க் பத்திரமான பிறகு நிதானமாகப் பார்க்கலாம். சுவர் சொக்கெட்டில் போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள், அடுத்து எக்ஸ்டென்ஷன் வயர், அடுத்து பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ். பழைய பவர் சப்ளைகளின் பின்புறம் 115/230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைக் கட்டாயம் பாருங்கள். 115இல் கிடக்க நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் ஒரு வெடியோடு பவர் சப்ளை முடிந்துவிடும்.

பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்க, மதர்போர்டிலிருந்து எல்லா வயர்களையும் கழற்றிவிட்டு, 24 பின் பிளக்கில் இருக்கும் ஒரே பச்சைக் கம்பியையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். பிறகு பிளக்கைப் போட்டால் விசிறி சுற்ற வேண்டும். சுற்றினால் மட்டும் போதாது, மல்டிமீட்டரை வையுங்கள். மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, செம்மஞ்சள் 3.14 முதல் 3.47 வரை இருக்க வேண்டும். ஊதாக் கம்பியில் கொம்பியூட்டர் நிற்கும்போதும் 5 வோல்ட் இருக்கும். அது இல்லையென்றால் பொத்தானை அமர்த்தியும் பலனில்லை. பவர் சப்ளையின் பெட்டியைத் திறந்து பார்க்க வெளிக்கிட வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கபாசிற்றரில் உயிராபத்தான வோல்ட்டேஜ் தங்கியிருக்கும்.

செம்மண் புழுதியும் எறும்பும் பல்லியும் இங்கே சும்மா வந்து போகும் விருந்தாளிகளில்லை. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கைப் புழுதி அடைத்தால் சூடேறித் தானாக நிற்கும். எறும்பு சுவிட்ச் முனைகளுக்கிடையில் நசிந்து கிடக்கும். பல்லி பவர் சப்ளைக்குள் இரண்டு முனைகளை ஒன்றாகத் தொட்டால் பல்லிக்கும் பவர் சப்ளைக்கும் அதோடு சரி. புழுதியைப் பெயின்ற் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை என்றால் ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்பப் பூட்டுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மதர்போர்டில் கபாசிற்றர்களின் தலை உப்பியிருந்தால் அல்லது பழுப்பாகக் கசிந்திருந்தால் அந்தப் பலகைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நேரமும் திகதியும் ஒவ்வொரு தரமும் மாறுவது வேறு வருத்தம். சிஆர்2032 என்ற காசளவு பற்றரியை மாற்றினால் தீரும்.

லப்டொப் என்றால் சார்ஜரையும் பற்றரியையும் கழற்றிவிட்டுப் பொத்தானை முப்பது செக்கன் அமர்த்திப் பிடித்து, சார்ஜரோடு மட்டும் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிகிறது, படம் இல்லை என்றால் எச்டிஎம்ஐ வயரால் டிவியில் பூட்டிப் பாருங்கள். திரை மட்டும் செத்த லப்டொப்பிலிருந்து டிவி வழியாகவே கொப்பி எடுத்துவிடலாம். பற்றரி உப்பிக் கீழ்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றால் சார்ஜ் போடவே வேண்டாம்.

பழைய டிஸ்க்கை இன்னொரு கொம்பியூட்டரில் பூட்டுவது

யூஎஸ்பி–சாட்டா அடப்டர் ஒன்று போதும். ஆனால் எந்த அடப்டர் என்பதில் பலர் பிழை விடுகிறார்கள். லப்டொப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும்; அது யூஎஸ்பியிலிருந்தே வரும். டவருக்குள் இருக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். தனிச் சார்ஜரோடு வரும் அடப்டரையே வாங்குங்கள். 2.5 அங்குல டிஸ்க்கும் சிலவேளை டிக் டிக் என்று எழும்ப முடியாமல் தவிக்கும். பழைய யூஎஸ்பி 2 வாசல் 500 மில்லியம்பியர்தான் தருகிறது. நீல நிற யூஎஸ்பி 3 வாசலில் 900 கிடைக்கும். டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டுமுன் வாசலை மாற்றிப் பாருங்கள்.

சூயிங்கம் பட்டை அளவில் இருக்கும் எம்.2 வகை எஸ்எஸ்டியில் இரண்டு இனம் உண்டு: என்விஎம்இ, சாட்டா. ஒன்றுக்கான யூஎஸ்பிப் பெட்டியில் மற்றது ஓடாது. இரண்டையும் ஏற்கும் பெட்டியும் கடைகளில் உண்டு. மலிவு லப்டொப் சிலவற்றில் சேமிப்புச் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதில் கழற்ற எதுவும் இல்லை. பலகையை உயிர்ப்பித்தால்தான் கோப்பு.

டிஸ்க்கைப் பூட்டியதும் 48 இலக்கச் சாவி கேட்டால் பயப்பட வேண்டாம், பழுதில்லை. அது பிட்லொக்கர் பூட்டு. அண்மைய லப்டொப்களில் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு விண்டோஸைத் தொடங்கும்போது பலவேளை அது தானாகவே விழுந்துவிடுகிறது. சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். வேறு கொம்பியூட்டரிலோ போனிலோ கணக்குக்குள் நுழைந்தால் எடுக்கலாம். சிக்கல் எங்கே என்றால், புதிதாக வாங்கிய அன்று கடைப் பெடியன் தன் சொந்த ஈமெயிலைப் போட்டுத் தொடங்கியிருப்பான். அப்படியென்றால் சாவியும் அவன் கணக்கில்தான். சாவி இல்லாமல் எந்தக் கொம்பனியாலும் திறக்க முடியாது. கொம்பியூட்டர் நல்லாய் ஓடுகிற இன்றைக்கே அந்தச் சாவியைக் கண்டுபிடித்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

"இந்த டிஸ்க்கைப் பாவிக்க ஃபோர்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று மூடுங்கள். "ஸ்கான் செய்து திருத்தவா?" என்று கேட்டாலும் வேண்டாம். பழுதுபடத் தொடங்கிய டிஸ்க்கில் அந்தத் திருத்தம் கோப்பு அட்டவணையையே கிண்டிக் கிளறிவிடும். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வந்தால் அது பழைய பயனரின் உரிமைப் பிரச்சினை மட்டுந்தான்; தொடரவும் என்பதை அமர்த்திக் காத்திருங்கள்.

தேட வேண்டிய இடம் பழைய டிஸ்க்கில் (இந்தக் கொம்பியூட்டரின் சி டிரைவில் அல்ல, வேறு எழுத்தில் தெரியும்) யூசர்ஸ் ஃபோல்டர், அதற்குள் உங்கள் பெயர். டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கும் அங்கேதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிஸ்க் என்றால் 'டொக்கியுமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டரில் பாருங்கள். அவுட்லுக் பாவித்தவர்கள் பிஎஸ்டி என்று முடியும் கோப்பைத் தேட வேண்டும். வேர்ட், ஃபோட்டோஷொப் போன்ற மென்பொருள்களைக் கொப்பி பண்ணிக் கொண்டுவந்தால் ஓடாது, திரும்பவும் இன்ஸ்டோல் செய்யத்தான் வேண்டும். குரோமில் சேமித்த கடவுச்சொற்களும் பழைய விண்டோஸோடு பிணைக்கப்பட்டவை. கூகுள் கணக்கில் சிங்க் செய்திருந்தால் மட்டும் தப்பும்.

முதலில் ஆவண ஸ்கேன்கள், பிறகு படங்கள், பிறகு வீடியோ, சினிமாப் படங்கள் கடைசியில். இடையில் டிஸ்க் நின்றாலும் பெறுமதியானது வெளியே வந்திருக்கும். யூஎஸ்பி 2 வழியாக 200 ஜிபி போக ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுக்கும். முடிந்ததும் இரண்டு பக்கத்து ஃபோல்டர்களின் கோப்பு எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படங்களைத் திறந்தும் பாருங்கள். பெயர் மட்டும் வந்து உள்ளே வெறுமையாக இருக்கிற கோப்புகள் அப்போதுதான் பிடிபடும்.

டிஸ்க்கே வருத்தக்காரன் என்றால்

கொப்பி வேகம் திடீரென்று படுத்துவிட்டால், ஒரே கோப்பில் நிமிடக்கணக்காக நின்றால், அங்கேயே நிறுத்துங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். 5, 197, 198 ஆகிய வரிகளில் (அதில் 05, C5, C6 என்று தெரியும்) எண் ஏறியிருந்தால் டிஸ்க்குக்குள் சுற்றும் தட்டில் பழுது. 199 (C7) மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் வயர்தான் பிழை.

தட்டுப் பழுதான டிஸ்க்கிலிருந்து கோப்புக் கோப்பாக எடுக்க முயல்வது அதைக் கொல்லும் வழி. முழு டிஸ்க்கையும் முதலில் இன்னொரு டிஸ்க்குக்கு அச்சாக எடுக்க வேண்டும். அதற்கு டிடிரெஸ்கியூ என்ற மென்பொருள். சிஸ்டம்ரெஸ்கியூ என்ற இலவச லினக்ஸில் அது இருக்கிறது. அந்த லினக்ஸை இன்னொரு கொம்பியூட்டரில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் 4 ஜிபி பென் டிரைவில் ஏற்றலாம். டிடிரெஸ்கியூவின் கெட்டித்தனம் இதுதான்: நல்ல பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிவிட்டு, சிக்கலான இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டு தாண்டிப் போகும், பிறகு திரும்பி வந்து அவற்றைச் சுரண்டும். நடுவில் கரண்ட் போனாலும் வரைபடக் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். வரைபடக் கோப்பே கொடுக்காமல் ஓடவிடுபவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. முதல் சுற்றைச் சுரண்டல் இல்லாமல் ஓட்டுங்கள், அடுத்த சுற்றில் மூன்று மறுமுயற்சி போதும்.

இதில் செய்யக்கூடிய மிக மோசமான பிழை, எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுப்பது. வெறும் டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். லேபலில் படம் எடுத்த சீரியல் இலக்கத்தை வைத்து உறுதிப்படுத்துங்கள். இரண்டும் ஒரே அளவு என்றால் இரண்டு தரம் பாருங்கள். அச்சை வைக்கும் டிஸ்க் பழையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், ஃபாட்32 முறையில் ஃபோர்மட் செய்ததாக இருக்கக் கூடாது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு நிற்காது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இதைச் செய்வதென்றால் மேசை விசிறியை டிஸ்க்குக்கு நேரே திருப்பிவிடுங்கள், அல்லது இரவில் ஓட்டுங்கள்.

அச்சு கையில் இருந்தால் பிறகு எவ்வளவும் விளையாடலாம். டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் டிஸ்க்கில் இழந்த பிரிவுகளை (பார்ட்டிஷன்) மீட்கும். ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் கோப்புகளை அவற்றின் தலைப்பகுதியைப் பார்த்துத் தோண்டியெடுக்கும். ஆனால் பெயரும் ஃபோல்டரும் வராது, ஆயிரக்கணக்கான படங்கள் எண் பெயரோடு கொட்டும். தவறுதலாக அழித்தவற்றை எஸ்எஸ்டியிலிருந்து மீட்பது பெரும்பாலும் நடவாது. ட்ரிம் என்ற ஏற்பாடு அழித்த இடங்களைக் கெதியாகத் துடைத்துவிடும்.

டக் டக் என்று அடிக்கிற டிஸ்க்கில் எந்த மென்பொருளும் பலிக்காது. அது தட்டைப் படிக்கும் ஊசித்தலையின் பழுது. ஃபிரிட்ஜில் வைப்பது, தட்டுவது, மூடியைத் திறந்து பார்ப்பது எல்லாம் மீட்கிற வாய்ப்பையும் கெடுக்கும். மின்னலில் அடிபட்டு ஒரு சத்தமும் இல்லாமல் கிடக்கிற டிஸ்க் கதை வேறு. பலகையில் 5, 12 வோல்ட் வாசல்களுக்குப் பக்கத்தில் டிவிஎஸ் டயோடு என்ற காவல் உறுப்பு இருக்கும். கூடிய வோல்ட்டேஜை அது தாங்கித் தான் ஷோர்ட் ஆகிவிடும். பற்றவைப்பில் கை தேர்ந்தவர் அதைக் கழற்றினால் டிஸ்க் எழும்பக்கூடும். பிறகு காவல் இல்லை, நல்ல பவர் சப்ளையில் ஒரே மூச்சில் கொப்பி எடுத்துவிட வேண்டும். அதே மொடல் பலகையை வாங்கி மாற்றுகிற பழைய வித்தை இப்போது எடுபடாது. ஒவ்வொரு பலகையிலும் அந்தந்த டிஸ்க்குக்கு உரிய அளவீடுகள் ஒரு சிப்பில் உள்ளன, அந்தச் சிப்பையும் மாற்ற வேண்டும்.

கொழும்பில் கோப்பு மீட்கிறவர்களுக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றால் எல்லாப் பக்கமும் தடித்த ஸ்பொஞ் வைத்துக் கட்டி, ஆள் கையோடு கொண்டுபோவது நல்லது. திறக்குமுன் அவர்கள் விலை சொல்ல வேண்டும், எடுக்க முடியாவிட்டால் எவ்வளவு என்றும் கேளுங்கள். 2018 டிசம்பரில் வந்தது மாதிரி வெள்ளத்தில் நனைந்துபோன டிஸ்க்கை வெயிலில் காயவைக்க வேண்டாம். ஹாட் டிஸ்க்கில் காற்றுத் துளை உண்டு, தண்ணீர் உள்ளே போயிருக்கும். காய்ந்தால் சேறு தட்டில் ஒட்டிவிடும். ஈரத்தோடே பொலித்தீன் பையில் அடைத்து, மின்சாரம் கொடுக்காமல் அனுப்புங்கள்.

பாமினி

கோப்பெல்லாம் மீண்டு வந்து, புதுக் கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒவ்வொரு மெய்யெழுத்தும் வரவேண்டிய இடத்தில் ஓர் அரைப்புள்ளி. கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழிப்பவர்கள் இருக்கிறார்கள். பழுதில்லை, பாமினி எழுத்துரு இல்லை. கோயில் கணக்கு, மாதர் சங்கக் கூட்டக் குறிப்பு, அந்தியேட்டி அழைப்பு எல்லாம் இங்கே பல ஆண்டுகளாகப் பாமினியில்தான் தட்டப்பட்டன. பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸ் என்று இருக்கும். அதை முழுதாக எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 10இல் பயனர் தானே போட்ட எழுத்துருக்கள் அவருடைய ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ளும் கிடக்கும். இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றும்போது பந்தி பந்தியாக மாற்றுங்கள். முழுக் கோப்பையும் ஒரேயடியாகக் கொடுத்தால் நடுவில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களும் அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எழுத்தும் தமிழாகிவிடும். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

புதிது வாங்கும்போது

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும், இன்டெல் புரொசசர் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். பாவித்த ஒஃபிஸ் கொம்பியூட்டர்கள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். "ஐ5 அண்ணை" என்று சொன்னால் போதாது. ஐ5க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8500 என்றால் எட்டாம் தலைமுறை, 6500 என்றால் ஆறாம். டெல் ஒப்டிபிளெக்ஸில் 3050, 7050 பழையவை. 3060, 7060 எட்டாம் தலைமுறை. எச்பி எலீட்டெஸ்க் 800இல் ஜி4. 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் வீட்டுக்குக் காணும். ஒரு குறை: இவற்றின் பவர் சப்ளை 24 பின் இல்லை, 6 அல்லது 8 பின், செத்தால் ஊர்க் கடையில் இருக்கிறதைப் பூட்ட முடியாது. பழைய விஜிஏ மொனிட்டர் வைத்திருப்பவர்கள் பின்னால் விஜிஏ வாசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

650 விஏ யூபிஎஸ் ஒன்று கரண்ட் போகும்போது ஒழுங்காக நிறுத்த நேரம் தரும். அதன் 12 வோல்ட் 7 ஏஎச் பற்றரி இந்த வெக்கையில் இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும். லேசர் பிரிண்டரை அதில் போட வேண்டாம். மின்னலுக்கு யூபிஎஸ் காவல் இல்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் வானம் இருட்டினால் பிளக்கையும், ரவுட்டரிலிருந்து வரும் வயரையும் இழுத்துவிடுங்கள். தொலைபேசிக் கம்பியாலும் வெளி அன்டெனாவாலும் வரும் இடி பிளக் வழி வருவதற்குக் குறைந்ததில்லை.

மீட்டவற்றை இரண்டு இடத்தில் வையுங்கள்: ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில் உள்ள சகோதரத்திடம். "2 டிபி பென் டிரைவ்" என்று மலிவாக விற்பதில் வைக்க வேண்டாம். உள்ளே சின்னச் சிப்பை வைத்துப் பெரிதாகக் காட்டும் போலிகள் நிறைய, நிறைந்த பிறகு எழுதியது எல்லாம் காணாமல் போகும். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ (h2testw) என்ற மென்பொருளால் முழுதாக நிரப்பிச் சோதியுங்கள். இணையத்தில் ஏற்றுவதென்றால் கணக்குப் பாருங்கள்: 100 ஜிபி, ஏற்றும் வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் 44 மணித்தியாலத்துக்கு மேல். ஆவணங்களுக்குக் கூகுள் தரும் இலவச 15 ஜிபி போதும்.

பழைய டிஸ்க்கைச் சில மாதம் அலுமாரியில் வைத்திருங்கள். மறந்துபோன ஃபோல்டர் ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வரும். விற்பதென்றால் விண்டோஸில் 'குயிக்' என்பதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டு ஃபோர்மட் செய்யுங்கள், அது முழுவதையும் பூச்சியத்தால் நிரப்பும். குயிக் ஃபோர்மட் அட்டவணையை மட்டும் மாற்றும், ஃபோட்டோரெக் தெரிந்த எவரும் உங்கள் அடையாள அட்டைப் படத்தை எடுத்துவிடுவார். ஓடாத டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போடுமுன் டிரில்லால் தட்டு வரைக்கும் மூன்று நாலு துளை போடுங்கள், 2.5 அங்குல டிஸ்க்குகள் பலவற்றில் தட்டு கண்ணாடி, கண்ணுக்குப் பாதுகாப்பு இல்லாமல் துளைக்க வேண்டாம்.